பதினேழாம் ஆணி

சாவி அக்காவைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல அந்த ஜன்னலைப் பத்திச் சொல்லணும். எங்க டாக்ஸி கம்பெனி ஷெட்டுக்குள்ள நுழைஞ்சதும் இடது பக்கம் ஒரு சின்ன ரூம். கம்பி போட்ட ஜன்னல், அதுல ஒரு கை நுழையுற அளவுக்கு ஓட்டை. உள்ளே சுவத்துல பச்சை பெயிண்ட் அடிச்ச பலகை, பலகையில வரிசையா நாப்பத்திரண்டு ஆணி. ஒவ்வொரு ஆணியிலயும் ஒரு கரண்ட் காரோட சாவி தொங்கும். சாவின்னா இரும்புச் சாவி இல்ல, பட்டன் வெச்ச கறுப்பு ரிமோட். அது நம்ம பையில இருந்தாத்தான் கதவு திறக்கும், வண்டி கிளம்பும். அந்தப் பலகைக்கு முன்னாடி ஒரு மர ஸ்டூல் போட்டு அக்கா உட்கார்ந்திருப்பாங்க. பதினோரு வருஷமா அதே ஸ்டூல்தான்.

சாவியை எடுத்து மேஜையில வெச்சுட்டு "எடுத்துக்கோ"ங்கிற பழக்கமே அவங்களுக்குக் கிடையாது. நாம ஓட்டைக்குள்ள கையை நீட்டணும். உள்ளங்கையில சாவியை வெச்சு, ரெண்டு மூச்சு விடுற நேரம் கையை விடாம பிடிச்சிருப்பாங்க. கை நடுங்குதா, வேர்த்திருக்கா, காய்ச்சல் சூடா, எல்லாம் அதுலயே தெரிஞ்சுடும். அப்புறம், "மூஞ்சியைக் காட்டுடா"ம்பாங்க. நிமிர்ந்து காட்டணும். ராத்திரி குடிச்சவன், பொண்டாட்டிகூட சண்டை போட்டுட்டுத் தூங்காம வந்தவன், ஒருத்தனும் அந்தக் கண்ணுக்குத் தப்ப முடியாது. சந்தேகம்னா சாவி திரும்ப ஆணிக்குப் போயிடும். மேலிடத்துக்கெல்லாம் எழுதிப் போட மாட்டாங்க. நோட்டுல "சார்ஜ் இல்லை"ன்னு எழுதிட்டு, "மத்தியானம் வா"ன்னு அனுப்பிடுவாங்க.

நானும் ஒரு தடவை மாட்டியிருக்கேன். சிநேகிதன் வீட்டு விசேஷம், விடிய விடிய கூத்து. காலையில பல்லை ரெண்டு தடவை விளக்கிட்டுத்தான் வந்தேன். அக்கா கையைத் தொட்ட உடனே, "போய்ப் படுடா"ன்னாங்க. எனக்கு மூக்குக்கு மேல கோபம். "நீங்க என்ன டாக்டரா? சாவி எடுத்துக் குடுக்கிறதுதானே உங்க வேலை?"ன்னு கத்தினேன். "ஆமாடா தம்பி, அதான் வேலை. இன்னைக்கு குடுக்கல, போ"ன்னு சொல்லிட்டு அடுத்தவன் கையைப் பிடிச்சுட்டாங்க. மறுநாள் அசடு வழிய வந்து நின்னேன். ஒண்ணுமே நடக்காத மாதிரி கையில பதினெட்டாம் நம்பர் சாவியை வெச்சாங்க. என் வண்டி பதினெட்டு.

பதினேழு மாப்பிள்ளையோடது. அக்கா மகளைக் கட்டினவர். எங்க எல்லாருக்கும் "டா" போடுற வாய், அவர் வந்தா மட்டும் "வாங்க மாப்பிள்ளை"ன்னு இனிக்கும். நாங்க சும்மா விடுவோமா? ஷெட்டு முழுக்க அவரை மாப்பிள்ளைன்னே கூப்பிட ஆரம்பிச்சோம். கேன்டீன்காரன்கூட மாப்பிள்ளைக்கு டீன்னுதான் சத்தம் போடுவான். நல்ல மனுஷன். ஓட்டுறதும் பூப்போல ஓட்டுவார். அவரைக் கம்பெனியில சேர்த்துவிட்டதே அக்காதான். "இவருக்கு நான் பொறுப்பு"ன்னு மேனேஜர்கிட்ட கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க.

அந்தக் கையெழுத்துப் போட்டு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் அவருக்கு வலிப்பு வர ஆரம்பிச்சுது. இதெல்லாம் எனக்கு அப்போ தெரியாது, அக்கா பின்னாடி சொன்னது. முதல் தடவை வீட்டுல, சாப்பிட்டுட்டு கை கழுவப் போன இடத்துல விழுந்தார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "வண்டி ஓட்டாதீங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். ஓட்டாம என்ன செய்யறது? அந்த மனுஷனுக்கு ஸ்டீயரிங்கைத் தவிர வேற எதையும் பிடிக்கத் தெரியாது. வீட்டுல ரெண்டு சின்னப் பிள்ளைங்க. விஷயம் வெளியே தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும், குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும். மாமியாரும் மகளும் மாப்பிள்ளையும் மூணு பேரும் வாயைப் பொத்திக்கிட்டாங்க.

தப்புதான். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனா அக்கா கண்ணை மூடிக்கிட்டு விடல. மாப்பிள்ளைக்கு வலிப்பு வர்ற அன்னைக்குக் காலையிலேயே ஒரு அடையாளம் தெரியும். இடது கைக் கட்டைவிரலை ஆள்காட்டி விரல்மேல தேய்ச்சுக்கிட்டே இருப்பார், நூல் முறுக்குற மாதிரி. அவருக்கே அது தெரியாது. தூக்கம் கெட்டா வரும். அன்னைக்கு ஜன்னல்ல கையை நீட்டினதும், "மாப்பிள்ளை, உங்க வண்டிக்கு சார்ஜ் ஏறல. ரெஸ்ட் ரூம்ல படுங்க"ம்பாங்க. அவர் ஒரு நாள்கூட ஏன்னு கேட்டதில்ல. "சரிங்க அத்தை"ன்னு போய் பெஞ்சுல சுருண்டுக்குவார். எந்த வண்டிக்கு சார்ஜ் ஏறிடுச்சுன்னு காட்டுற போர்டுல பதினேழுக்கு நேரா பச்சை லைட் எரிஞ்சுக்கிட்டிருக்கும். அவரும் அதைப் பார்த்துக்கிட்டேதான் போவார்.

ஒண்ணரை வருஷத்துல ஒன்பது தடவை அப்படி நிறுத்தினாங்க. அதுல ரெண்டு தடவை அந்த பெஞ்சிலேயே வலிப்பு வந்திருக்கு. அக்கா உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, வாயைத் துடைச்சுவிட்டு, அரை மணி கழிச்சு எதுவும் நடக்காத மாதிரி ஜன்னலுக்கு வந்து உட்கார்ந்திருக்காங்க. "மாப்பிள்ளைக்கு மட்டும் தூங்கச் சம்பளமா அக்கா?"ன்னு நான் நக்கல் பண்ணியிருக்கேன். சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. இப்போ நினைச்சா என் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போல இருக்கு.

அப்புறம்தான் புது மேனேஜர் வந்தான். வாயைத் திறந்தா அப்டேட், அப்டேட். பேரே அப்டேட்டுன்னு ஆயிடுச்சு. வந்த மூணாம் மாசம் எங்களையெல்லாம் நிக்க வெச்சு, இனிமே சாவி கிடையாது, உங்க போன்தான் சாவின்னான். அவனவன் ஷிப்டு நேரத்துக்கு அவனவன் போனுக்கு மேலேருந்து சாவி வரும். போனைப் பையில வெச்சுக்கிட்டு வண்டிகிட்டப் போனா கதவு தானா திறக்கும். ஷிப்டு முடிஞ்சா தானா போயிடும். யார், எப்போ, எங்கே வண்டியைத் திறந்தாங்கன்னு ஒண்ணு விடாம பதிவாகும்.

சந்தோஷத்துல முதல்ல கை தட்டினவன் நான். பொய் சொல்ல மாட்டேன். காலையில அந்த வரிசையில நிக்கறதும் உள்ளங்கையை நீட்டறதும் ஸ்கூல் பையன் மாதிரி மூஞ்சியைக் காட்டறதும் எனக்கு எரிச்சலா இருந்துச்சு. முதல் வாரம் ஒரே கூத்து. கக்கூஸ் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் ஆறாம் நம்பர் நிக்கும். அதோட டிரைவர் உள்ளே போய் உட்கார்ந்தா வெளியே வண்டி லைட்டைப் போட்டு, சைடு கண்ணாடியை விரிச்சு, வாங்க வாங்கன்னு நிக்கும். "அண்ணன் உள்ளே இருக்கார்டா, வண்டி சொல்லுது"ன்னு வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

அக்கா சிரிக்கல. அன்னைக்குச் சாயங்காலமே அப்டேட் ரூமுக்குப் போனாங்க. "சார், வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தனையும் ஒரு ஆள் பார்க்கணும் சார்."

"எதுக்கும்மா? சிஸ்டம் பார்த்துக்கும்."

"சிஸ்டம் மூஞ்சியைப் பார்க்குமா சார்?"

"போனைத் திறக்க மூஞ்சி காட்டித்தானே ஆகணும்? அது பார்க்குதுல்ல?"ன்னு சொல்லிட்டு அவனே சிரிச்சானாம். அதுக்கு மேல அக்காவால என்ன சொல்ல முடியும்? காரணத்தைச் சொன்னா மகள் வீட்டு அடுப்பு அணைஞ்சுடும். வாயை மூடிக்கிட்டு வந்துட்டாங்க.

அவங்களை வேலையை விட்டு அனுப்பல. வண்டிக்கு ஒரு சாவி அவசரத்துக்கு ஆணியில இருக்கட்டும், போன் கெட்டுப் போச்சுன்னு எவனாவது வந்தா எடுத்துக் கொடுக்கட்டும்னு அதே ஸ்டூல்ல விட்டுட்டாங்க. கையில ஒரு டேப்லெட்டும் கொடுத்தாங்க. அதுல ஒரு டிரைவரோட போன் சாவியை நிறுத்த முடியும். ஆனா காரணம் குறிக்காம நிறுத்த முடியாது. போதை, நோய், ஒழுங்கீனம்னு மூணே மூணு இருக்கும். எதைத் தொட்டாலும் அடுத்த நிமிஷம் தலைமை ஆபீசுக்குப் போயிடும். "சார்ஜ் இல்லை"ங்கிற காரணம் அதுல கிடையாது. ஒரு நாள் மாப்பிள்ளை பேரை எடுத்து "நோய்" வரைக்கும் விரலைக் கொண்டுபோய்ட்டு இழுத்துக்கிட்டேன்னு சொன்னாங்க. பேத்தி முகம் கண்ணுல வந்து நின்னுச்சாம்.

கடைசியில அம்மாவும் மகளும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. போன்தானே சாவி? விடியக்காலையில விரல் தேய்ச்சார்னா மகள் அவர் போனை எடுத்து ஒளிச்சு வெச்சுடணும். போன் இல்லேன்னா வண்டி திறக்காது, வண்டி திறக்கலேன்னா பயம் இல்லை. மகள் மாவு டப்பாவுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் பையில சுத்திப் போனைப் புதைச்சு வெப்பாள். அவர் வீடு முழுக்கத் தேடுவார், கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பார்ப்பார், கொஞ்ச நேரம் புலம்பிட்டுப் படுத்துக்குவார். மாவு டப்பா பக்கம் மட்டும் போகவே மாட்டார். நாலு தடவை இப்படி நடந்துச்சு. நாலு தடவையும் மகள் அம்மாவுக்கு ஒரு போன்கூடப் பண்ணல. எதுக்குப் பண்ணணும்? அவர் வேலைக்கு வரலேன்னா காரணம் என்னன்னு அக்காவுக்குத் தெரியும். வந்துட்டார்னா நல்லா இருக்கார்னு அர்த்தம்.

அஞ்சாவது தடவை ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின ராத்திரி சின்னவளுக்குக் காய்ச்சல், மாப்பிள்ளை தோள்ல போட்டு நடந்துக்கிட்டே இருந்திருக்கார். விடிஞ்சதும் விரல் தேய்ச்சிருக்கார். மகள் பார்த்துட்டாள், போன் மாவு டப்பாவுக்குள்ள போயிடுச்சு. அவர் தேடிப் பார்த்துட்டு, "போன் காணோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துடறேன். சொல்லாம இருந்தா மேனேஜர் லீவுன்னு எழுதிடுவான்"ன்னு கிளம்பியிருக்கார். அவள் தடுக்கல. நடந்துதானே போறார், வண்டி திறக்காது, அங்கே அம்மா வேற இருக்காங்கன்னு நினைச்சுட்டாள். பிள்ளைக்கு மருந்து ஊத்தப் போயிட்டாள்.

அதே நேரம் ஷெட்டுல தீப்பிடிக்காத குறை. ராத்திரி தலைமை ஆபீஸ்ல ஏதோ மாத்தினாங்களாம், ஒருத்தன் போனுக்கும் சாவி வரல. இருபத்தஞ்சு பேர் அவனவன் வண்டிகிட்ட, போனை ஆட்டிக்கிட்டு, கதவைத் தட்டிக்கிட்டு நிக்கறோம். வண்டி ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி கிடக்கு. சவாரிக்காரங்க போன் மேல போன். அப்டேட் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்து, "பழைய சாவியைக் குடுங்கம்மா! எல்லாருக்கும் குடுங்க! கையெழுத்தெல்லாம் அப்புறம்!"னு கத்தினான். மொத்தக் கூட்டமும் ஜன்னலுக்குப் பாய்ஞ்சுது.

ஒன்பது மாசமா அந்த ஜன்னல்ல வரிசையே நின்னதில்ல. வரிசையில நிக்கிற பழக்கமும் எங்களுக்குப் போயிடுச்சு. ஓட்டைக்குள்ள ஒரே நேரத்துல நாலு கை. அவனவன் நம்பரை அவனவன் கத்துறான். நான் எல்லாரையும் இடிச்சுத் தள்ளிக்கிட்டு முன்னாடி போய் நின்னேன். "அக்கா, பதினெட்டு! என்னக்கா தடவிக்கிட்டு இருக்கீங்க, சீக்கிரம்!" இப்படிக் கத்தினது நான்தான். வேற யார்மேலயும் போட முடியாது.

என் தோளை ஒட்டி மாப்பிள்ளை நின்னார். "அத்தை, பதினேழு"ன்னார். சத்தம்கூடப் போடல, சாதாரணமாத்தான் சொன்னார். அவர் இடது கை என் முழங்கைகிட்ட இருந்துச்சு. கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்ச்சுக்கிட்டே இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன். எனக்கு அதோட அர்த்தம் தெரியல, அவ்வளவுதான். அக்கா பலகைப் பக்கம் திரும்பி ரெண்டு சாவியை ஒண்ணா உருவி, திரும்பாமலேயே பின்கையால மேஜைமேல தள்ளிவிட்டாங்க. பதினேழும் பதினெட்டும் உரசிக்கிட்டு வந்து நின்னுச்சு. என்னுதை நான் எடுத்தேன், அவருதை அவர் எடுத்தார்.

எட்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரி பக்கத்துப் பஸ் ஸ்டாப்புல வண்டி ஏறிடுச்சு. பின் சீட்டுல இருந்த சவாரிக்கார அம்மாவுக்குக் கை உடைஞ்சுது. "டிரைவர் தம்பி தலை ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, கூப்பிடக் கூப்பிடப் பதில் இல்லை, வண்டி மட்டும் சத்தமே இல்லாம வேகமாப் போயிக்கிட்டே இருந்துச்சு"ன்னு அவங்க சொன்னாங்க. பஸ்சுக்கு நின்னுக்கிட்டிருந்த ஒரு பொம்பளை அந்த இடத்துலயே போயிட்டாங்க. சலவைக் கம்பெனியில துணி மடிக்கிறவங்க, நாப்பத்தியொரு வயசு. மாப்பிள்ளைக்கு இடுப்பெலும்பு நொறுங்கி, தலையில அடிபட்டு, நினைவு இல்லை.

சேதி வந்தப்போ நான் ஷெட்டுல வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கிட்டிருந்தேன். அக்கா ஸ்டூலை விட்டு எந்திரிக்கல. பலகையில காலியா இருந்த பதினேழாம் ஆணியையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. போனை எடுத்து மகளுக்கு அடிச்சாங்க. "மாப்பிள்ளை போன் எங்கேடி இருக்கு?"ன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. அந்தப் பக்கம் என்ன சொன்னாள்னு எனக்குக் கேட்கல. அக்கா கையிலிருந்து போன் நழுவி மடியில விழுந்துச்சு. பொண்ணு அதுக்குள்ளேருந்து அம்மா அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாள்.

மூணாம் நாள் செத்துப்போன அந்த அம்மாவோட புருஷன் ஷெட்டுக்கு வந்தார். சண்டைக்கு வர்றார்னு பயந்து அப்டேட் ரூமைப் பூட்டிக்கிட்டான். அவர் என்கிட்ட வந்து, "அந்த வண்டி எதுப்பா?"ன்னார். போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னேன். "இதே மாதிரி வண்டியா?"ன்னு என் வண்டியைக் காட்டிக் கேட்டார். ஆமான்னேன். பக்கத்துல போனார். என் பையில போன் இருந்ததால கதவுக் கைப்பிடி தானா வெளியே வந்துச்சு. அவர் பயந்து ரெண்டடி பின்னாடி நகர்ந்தார். அப்புறம் திரும்பி நடந்து போயிட்டார்.

விசாரணைக்கு முந்தின நாள் அப்டேட் அக்காவையும் என்னையும் கூப்பிட்டான். நான் சாட்சி, பக்கத்துல நின்னவன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். "பாருங்கம்மா. மாப்பிள்ளையோட போன் அன்னைக்கு நாள் முழுக்க அவர் வீட்டுல இருந்திருக்கு. அப்போ அவர் வேலைக்கே வரலைன்னுதான் பதிவு சொல்லுது. வண்டியைத் திறந்தது ஆணிச் சாவி. ஆணிச் சாவி யார் எடுத்தா, யார் குடுத்தான்னு எங்கேயும் பதிவு கிடையாது. நோட்டுல கையெழுத்தும் இல்லை. கூட்டத்துல கையை விட்டு அவரே எடுத்துட்டுப் போயிட்டார், நான் பார்க்கலன்னு சொல்லிடுங்க. உங்களுக்கும் தொல்லை இல்லை, கம்பெனிக்கும் தொல்லை இல்லை."

"மாப்பிள்ளைக்கு என்ன ஆகும் சார்?"

"அவர்மேல எப்படியும் கேஸ்தானேம்மா."

வெளியே வந்ததும் நான் அக்காகிட்ட, "அந்தாளு சொல்றதைக் கேளுங்கக்கா. நானும் கவனிக்கலன்னு சொல்லிடறேன்"ன்னேன். நல்லது பண்றதாத்தான் நினைச்சேன். அக்கா அப்போதான், ஷெட்டு வாசல்ல நின்னபடியே, வலிப்பு, பெஞ்சு, மாவு டப்பா எல்லாத்தையும் என்கிட்டக் கொட்டினாங்க. அந்த விரல் தேய்க்கிறதையும் சொன்னாங்க. நான் பார்த்தேங்கிறதை அன்னைக்கு அவங்ககிட்டச் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

மறுநாள் போலீஸ் ஆபீசர் முதல்ல என்னைக் கேட்டார். "சாவியைக் குடுத்தது இந்தம்மாவா, அவரே எடுத்தாரா?"

"கூட்டம் சார். கவனிக்கல"ன்னேன்.

அக்கா பக்கம் திரும்பினார். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டு, "நான்தான் சார் குடுத்தேன். இந்தத் தம்பி என்னைக் காப்பாத்தப் பொய் சொல்லுது"ன்னாங்க. அப்டேட் முகத்துல ஈயாடல. அக்கா நிறுத்தல. "என் மாப்பிள்ளைக்கு வலிப்பு இருக்கு. எனக்குத் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு மேலாத் தெரியும். யார்கிட்டயும் சொல்லல."

ஆபீசர் பேனாவைக் கீழே வெச்சார். "தெரிஞ்சே குடுத்தீங்களா? அன்னைக்கு அவரைப் பார்த்தப்போ எப்படி இருந்தார்?"

அக்கா அதுக்கு மட்டும் பதில் சொல்லல. ஆபீசர் ரெண்டு தடவை கேட்டார். எழுதி வாங்கிக்கிட்டு அனுப்பிட்டாங்க. கேஸ் அக்கா மேலயும் ஏறிடுச்சு. வேலை அன்னைக்கே போச்சு. ஒரு வாரம் கழிச்சு அப்டேட் அந்தப் பச்சைப் பலகையைக் கழட்டி வெளியே போட்டான். எல்லா வினையும் பழைய சாவியாலதான் வந்துச்சாம், இனிமே போன் மட்டும்தானாம். சுவத்துல நாலு திருகாணி ஓட்டை மட்டும் மிச்சம். அன்னைக்கு இருபத்தஞ்சு பேரையும் ரோட்டுல நிறுத்தினது எதுன்னு யாரும் கேட்கல. நானும்தான் கேட்கல.

மாப்பிள்ளைக்குப் பன்னெண்டாம் நாள் நினைவு நல்லாத் திரும்பிச்சு. அக்காவை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மகள் கட்டில் கால்மாட்டுல நின்னுக்கிட்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள், ஆனா வாங்கன்னு சொல்லல. அந்தப் பன்னெண்டு நாளும் ரெண்டு பேரும் பிள்ளைக்குக் கஞ்சி, டாக்டர், மருந்துச் சீட்டுன்னு இதைத் தவிர வேற பேசினதே இல்லை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கலாமேம்மான்னு இவள் கேட்கல. ஒரு போன் அடிச்சிருக்கலாமேடின்னு அவங்க கேட்கல. கேட்டுடுவாங்களோன்னு எனக்குத்தான் அங்கே நிக்கவே பயமா இருந்துச்சு.

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் வீக்கம். நடந்ததை போலீஸ் வந்து அவர்கிட்டச் சொல்லியிருந்தாங்க. அவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை. போனைத் தேடினது ஞாபகம் இருக்கு, ஷெட்டுக் கேட்டுக்குள்ள நுழைஞ்சது ஞாபகம் இருக்கு, அதுக்கப்புறம் இந்தக் கட்டில்தான்.

"அத்தை"ன்னார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"எனக்கு வலிப்பு வந்துதான் அந்தம்மா மேல ஏத்திட்டேன்னு சொல்றாங்க. இருக்காது அத்தை. வேற ஏதோ ஆகியிருக்கு. வண்டியிலதான் ஏதோ கோளாறு." அவர் மூச்சு வாங்கினார். "அன்னைக்கு என் முகத்தைப் பார்த்தீங்கல்ல? கையைப் பிடிச்சுப் பார்த்தீங்கல்ல? நான் நல்லாத்தானே இருந்தேன்? இல்லேன்னா நீங்க சாவியைக் குடுத்திருக்க மாட்டீங்களே அத்தை."

மகள் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டாள். அக்கா அவர் இடது கையை எடுத்து, விரிச்சு, தன் ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வெச்சுக்கிட்டாங்க. முன்னே ஜன்னல்ல பிடிச்சிருப்பாங்களே, அதே மாதிரி. ரொம்ப நேரம் விடல. அப்புறம் அவர் முகத்தை நேராப் பார்த்தாங்க.

"பார்க்கல மாப்பிள்ளை"ன்னாங்க. "அன்னைக்கு மட்டும் பார்க்கல."